உலையம்மனுக்கு ஒரு பெயர்

1991, மாசி மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஆறேகாலுக்குப் பாரிமுனையில் பஸ் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூருக்கு நாலு ரூபாய் ஐம்பது காசு. ஜன்னலோர இடம் கிடைத்தது. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை என்பது பூந்தமல்லி தாண்டித்தான் தெரிந்தது. என் பையில் ஒரு தயிர் சாத டப்பா, எலுமிச்சை ஊறுகாய், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு பாட்டில், குடை. எந்த ஊருக்குப் போனாலும் என் சாப்பாட்டை நானே எடுத்துப் போவேன். ஓட்டலில் சாப்பிட மாட்டேன், பிறர் வீட்டிலும் கை நனைக்க மாட்டேன். சுத்தம் ஒரு காரணம். யாரிடமும் எதையும் கேட்கப் பிடிக்காது என்பது பெரிய காரணம்.

டெலிபோன் ஆபீசில் முப்பது வருடம் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவரை அவரோடு இணைத்துவிட்டு நடுவில் நான் விலகிக்கொள்ள வேண்டும், அதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஊர் ஊராகப் போவேன், பார்ப்பேன், திரும்பி வந்து எழுதுவேன். எனக்கும் அந்த ஊருக்கும் கணக்கு அதோடு முடிந்தது.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என்னோடு வேலை பார்த்த ஒருத்தி. அவளுடைய பிறந்த வீடு வல்லக்கோட்டைப் பக்கம், மேலேரிப்பாக்கம். அங்கே உலையம்மன் என்று ஒரு சாமி உண்டாம். கோயில் இல்லை, சிலை இல்லை, பூசாரியும் இல்லை. அடுப்பில் இருக்கும் தணல்தான் அம்மன். வருடத்துக்கு ஒரு வீடு என்று தெருவைச் சுற்றி வருவாளாம். மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை வீடு மாறுவாள் என்று சொன்னாள். போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்பிவிட்டேன்.

பென்னலூரை ஒட்டி வயல்களுக்கு நடுவே ஆளுயர முள்வேலி ஒன்று ஓடியது. உள்ளே ஒன்றும் இல்லை, எருமைகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. "கம்பெனி வரப்போவுதாம்" என்றார் பக்கத்தில் இருந்தவர். என்ன கம்பெனி என்று கேட்டேன். "இன்னா கம்பெனியோ, யாருக்குத் தெரியும்? வேலி வந்துட்ச்சி" என்றார்.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி ஒரகடம் போகும் டவுன் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன். வளைகுடாவில் சண்டை, டீசல் தட்டுப்பாடு என்று டிரிப்பைக் குறைத்துவிட்டார்கள். வந்த பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றபடி பயணம். கண்டக்டரிடம் மேலேரிப்பாக்கம் என்றதும், "வல்லக்கோட்ட முருகன் கோயில் இல்லியா? மேலேரிப்பாக்கத்துல இன்னாமா கீது, ஏரிதான் கீது" என்று சொல்லிக்கொண்டே ஒரு ரூபாய்க்குச் சீட்டுக் கிழித்தார். "திரும்பிப் போறதுக்கு நாலு மணி வண்டிய விட்றாதீங்கம்மா. அதுக்கப்புறம் இப்பல்லாம் நிச்சயம் கெடையாது" என்றும் சொன்னார். அதை நான் காதில் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

பத்து மணிக்கு இறங்கினேன். ரோட்டிலிருந்து ஒரு மண் பாதை பிரிகிறது. பாதையில் முதலில் வருவது ஒரு சிமெண்ட் கல் வீடு. பூசாத சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதைத் தாண்டித்தான் பழைய தெரு. தெரு நேரே போய் ஏரிக்கரையில் முட்டி நின்றுவிடுகிறது. ஊரே சிமெண்ட் கல் வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. பெரும்பாலும் பெண்கள். அந்த வீட்டின் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே மூன்று கல் அடுப்பு, மேலே புதுப் பானை, பானையில் சோறு கொதிக்கும் வாசம். வாசற்படியில் நீலப் புடவை கட்டிய முப்பது வயதுப் பெண் ஒருத்தி ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என்னைக் கண்டதும் எழுந்தாள். முகம் அப்படி மலர்ந்தது! நானும் சும்மா இருக்காமல், "உலையம்மன் வீடு மாறுவதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து வருகிறேன்" என்றேன். அந்த முகம் அப்படியே வாடிப்போயிற்று. மரத்தடியில் சிரித்தார்கள்.

"தெரிஞ்சி வந்துட்டியேமா" என்று ஒரு பெண் எழுந்து வந்தாள். ஐம்பது வயதிருக்கும், காதில் பெரிய கம்மல், குரலும் பெரியது. பெயர் குப்பம்மாள். போன மாசியிலிருந்து அம்மன் இருப்பது அவள் வீட்டு அடுப்பில்தான். விஷயத்தை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

அன்று காலை அவள் வீட்டுத் தணலை ஒரு பானை ஓட்டில் எடுத்து வந்து இந்த அடுப்பில் போட்டிருக்கிறார்கள். அதில் சோறு ஆகிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஆள் யாராவது தானாக வந்து வாசலில் நின்று எதையாவது கேட்க வேண்டும். அவருக்கு முதல் கரண்டி சோறு போட வேண்டும். அவர் சாப்பிட்டுவிட்டால் அம்மன் அந்த வீட்டில் ஒரு வருடம் தங்குவாள். வா என்று கூப்பிடக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது, வருகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்கவும் கூடாது. அவர் சாப்பிடும்வரை வீட்டுக்காரர்களும் சாப்பிடக் கூடாது, அந்தப் பானையிலிருந்து வேறு யாருக்கும் ஒரு பருக்கை போடவும் கூடாது. விளக்கு வைக்கும் நேரம்வரை யாரும் வராவிட்டால் தணல் பழைய வீட்டுக்கே திரும்பும். இந்த வீட்டுக்கு அடுத்த முறை தெருவெல்லாம் சுற்றி முடித்த பிறகுதான்.

"அப்போ நான்?" என்றேன்.

"நீங்க வேடிக்க பாக்க வந்தவங்க. கைல சோத்து டப்பா வேற கீது. விருந்தாளின்னா இப்படியா வருவாங்க? அந்தாண்ட நெழல்ல குந்துங்க."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் நியாயம்தான். நிழலில் உட்கார்ந்தேன்.

அம்மனுக்கு உலையம்மன் என்பது பொதுப் பெயர். விருந்தாளி வாசலில் நின்று எதைச் சொல்லிக் கேட்கிறாரோ அதுதான் அந்த வருடத்துப் பெயர். போன மாசியில் செங்கல் லாரிக்காரர் ஒருவர் குப்பம்மாள் வீட்டில் படப்பைக்கு வழி கேட்டிருக்கிறார். அதனால் வருடம் முழுக்க வழியம்மா. அதற்கு முந்தின வருடம் தண்ணியம்மா. அதற்கும் முன்னே பீடிக்கு நெருப்புக் கேட்ட ஒருவரால் நெருப்பம்மா. நோட்டுப் புத்தகத்தில் இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. குப்பம்மாள் சிரிக்கவில்லை. "வழியம்மா வந்தப்புறம்தான் எம் புள்ளைக்கு மறைமலை நகர்ல வேல பர்மனெண்ட் ஆச்சி. பொண்ணுக்கும் எடம் அமைஞ்சிது. அவள அனுப்ப எனக்கு மனசே இல்ல" என்றாள். இன்று யாரும் வராவிட்டால் அம்மன் அவளிடமே திரும்பிவிடுவாள். அவள்தான் விருந்தாளி சரியா தப்பா என்று சொல்ல வேண்டியவளும். என்ன ஏற்பாடோ!

நீலப் புடவைக்காரியின் பெயர் பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கணவன் முருகேசனுக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மலிவாகக் கிடைத்த மனையை வாங்கி வீடு கட்டி ஆறு வருடம் ஆகிறது. தெருவில் சேர்ந்த வீடு இல்லை என்று இதுவரை முறையில் சேர்க்கவில்லை. அவள் ஒவ்வொரு வருடமும் போய்க் கேட்டு, சண்டை போட்டு, அழுது, இந்த வருடம்தான் சம்மதிக்க வைத்திருக்கிறாள்.

"சாமி கும்பிடணும்னு மட்டும் இல்லம்மா" என்றாள் என்னிடம், தாழ்ந்த குரலில். "அம்மன் இருக்க வீட்டுக்குத் தெருவுல எல்லாரும் காலையில ஆளுக்கொரு வறட்டி கொண்டாந்து வைப்பாக. நாலு வார்த்த பேசிட்டுப் போவாக. ஆறு வருசமா எங்க வீட்டுப் படி ஏறி ஒருத்தரும் வந்ததில்ல. இன்னைக்கு ஆள் வரலேன்னா, பாத்தியா, அவளுக்கே இந்த வீடு பிடிக்கலன்னு சொல்லிருவாக. அப்புறம் இங்க எப்படிம்மா இருக்க?"

எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே தவிர, எழுந்து ஒன்றும் செய்யவில்லை. செய்யவும் வழியில்லை.

பதினோரு மணிக்கு ஐஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். பேச்சியம்மாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்து, உள்ளே எட்டிப் பார்த்தார். "ஐஸ் வோணுமா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. "இன்னா ஊருடா இது, எழவு வூடு மாதிரி" என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

"கேட்டாரே! வேணுமான்னு கேட்டாரே!" என்று பேச்சியம்மாள் ஓடி வந்தாள்.

"விக்கிறதுக்குக் கேட்டது கேட்டதாவாது" என்றாள் குப்பம்மாள்.

பகல் ஒரு மணி. வெயில் பிளந்தது. ரோட்டிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். கையில் பை, கசங்கிய நீலச் சட்டை, ராத்திரி ஷிப்ட் முடித்த கண்கள். நேராக வாசலுக்குப் போய்க் கைகூப்பி, மனப்பாடம் செய்ததுபோல ஆரம்பித்தான். "தாயே, நான் ஒரு வழிப்போக்கன். ரொம்பப் பசியா இருக்கு. கொஞ்சம் அன்னம் கிடைக்குமா?"

அன்னமாம்! மரத்தடியில் ஒருத்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். குப்பம்மாள் நிதானமாக எழுந்து போனாள்.

"எந்த ஊருக்கு ராசா போற?"

"இப்படியே... நேரா."

"நேரா போனா ஏரி. நீந்திகினு போவியா?"

அவன் திரும்பித் தெருக் கோடியைப் பார்த்தான். அங்கே தண்ணீர் மினுங்கியது. "அண்ணன் இதச் சொல்லலையே" என்றான்.

தெருவே சிரித்தது. பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவுகதான் அனுப்புனாகளா?"

"ஆமா மதினி. நீங்க காலையில இருந்து பட்டினியா கிடப்பீகன்னு அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டாரு. அவருக்கு டே ஷிப்ட், லீவு கிடைக்கல. அதான் என்னய..."

நல்லெண்ணம்தான். ஆனால் காரியம் கெட்டது. "இனிமே எவன் வந்தாலும் ஆள் வெச்சி வரவழச்சதுன்னுதான் நான் நெனப்பேன்" என்று குப்பம்மாள் எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். பேச்சியம்மாள் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். தோள் குலுங்கியது.

அந்தப் பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு உண்மையிலேயே பசி. வேலை முடித்து அப்படியே வந்தவன், மதினி வீட்டில் சாப்பிடலாம் என்று வந்திருக்கிறான். இப்போது அந்த வீட்டில் அவனுக்கு ஒரு பருக்கை கிடையாது. அவன் வயிறு இரைந்தது எனக்குக் கேட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. டப்பாவை எடுத்து அவனிடம் நீட்டினேன். "ஸ்பூனைக் கழுவிக் கொடு. எவர்சில்வர்" என்றேன். அவன் வழித்துத் தின்றான், ஊறுகாயையும் விடவில்லை. கழுவிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நழுவினான்.

மூன்றரைக்கு நான் எழுந்தேன். பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது. முடிவு தெரியாவிட்டால் என்ன, யாரும் வரவில்லை என்றே எழுதிக்கொள்ளலாம். பேச்சியம்மாளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து தணலை ஊதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. வந்துவிட்டேன்.

நாலு மணி வண்டி வரவில்லை. ஐந்தும் ஆயிற்று. ரோட்டோர டீக்கடைக்காரர் பால் தீர்ந்துவிட்டது என்று காலையிலேயே தட்டியைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். பாட்டில் தண்ணீரும் தீர்ந்தது. காலை நாலரை மணிக்கு ஒரு வாய் காபி குடித்தது, அவ்வளவுதான். இரண்டு லாரிகள் போயின. கை காட்டினேன், நிற்கவில்லை. கையாவது காட்டினேனே என்று எனக்கே ஆச்சரியம். ஐந்தே முக்காலுக்குச் சைக்கிளில் வந்த ஒருவர், "வண்டி ஒரகடத்துலயே நின்னுட்ச்சிமா, டீசல் இல்லியாம். இனிமே காலீலதான்" என்று சொல்லிப் போனார்.

கண் இருட்டிக்கொண்டு வந்தது. குடையை ஊன்றிக்கொண்டு மண் பாதையில் இறங்கினேன். ரோட்டிலிருந்து வந்தால் முதல் வீடு அது. கதவும் அதுதான் திறந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு உலையம்மன் நினைவில் இல்லை. பேச்சியம்மாளின் துக்கம் நினைவில் இல்லை. காலையில் வந்த சோற்று வாசம் மட்டும்தான் நினைவில் இருந்தது. படியில் ஒரு காலை வைத்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, "பசிக்கிறதம்மா, கொஞ்சம் சோறு போடுவாயா?" என்றேன். ஐம்பத்தொன்பது வயதில் நான் ஒருவரிடம் சோறு கேட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். அடுப்புக்கு முன்னால் குப்பம்மாள் குனிந்து, ஓட்டில் தணலை வாரிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் பக்கத்தில் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்றாமல் நின்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அடக் கடவுளே என்று காலைப் பின்னால் எடுத்தேன்.

"நில்லு" என்றாள் குப்பம்மாள். "இவ அழுதாளேன்னு வந்தியா?"

"இல்லை. பஸ் வரவில்லை."

"பொய் சொல்லாதமா. நம்பளால ஒரு வீட்டுக்கு நல்லது நடக்கட்டும்னு வந்துகினு, பஸ் மேல பழி போடாத."

பொய் சொல்லியிருந்தால் நல்லவள் என்ற பெயராவது கிடைத்திருக்கும். "இவள் ஞாபகமே எனக்கு வரவில்லை" என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. "டப்பாச் சோற்றை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். நீங்களே பார்த்தீர்கள். காலையிலிருந்து பட்டினி. சோறு இல்லையென்றால் தண்ணீராவது கொடுங்கள், உட்கார வேண்டும்."

குப்பம்மாள் கையில் தணல் இருந்தது. ஓட்டைத் தூக்கி நாலு வீடு நடந்தால் போதும், அம்மன் அவளுக்கு. தெருவில் ஒருவரும் அவளைத் தப்புச் சொல்ல முடியாது. காலையில் அவளே என்னைத் தள்ளிவைத்தவள். அவள் ஓட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு நெடுமூச்சு விட்டுத் தணலைத் திரும்ப அடுப்பிலேயே கொட்டினாள்.

"நடிக்க வந்தவன் அடுப்ப பாத்து கும்புட்டான்" என்றாள் பேச்சியம்மாளிடம். "இந்தம்மா வந்ததுலேந்து பானையத்தான் பாக்குது. போடுடி சோறு. பாத்துகினே நிக்கிற!"

பேச்சியம்மாள் அவசரமாக அள்ளிப் போட்டதில் முதல் கரண்டி பாதி தரையில் விழுந்தது. இலையில் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, சுட்ட அப்பளம். காலையில் வடித்த சோறு தணலோரத்தில் இருந்து அடி பிடித்திருந்தது. அந்தத் தீசலையும் விடாமல் தின்றேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. விருந்தாளியிடம் கேட்கக் கூடாதாம். நான் கை கழுவிய பிறகுதான் பேச்சியம்மாள் விளக்கை ஏற்றினாள். பிறகு அவள் தனக்குப் போட்டுக்கொண்டாள், குப்பம்மாளுக்கும் போட்டாள். குப்பம்மாள் இரண்டு வாய் தின்றுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காரம் ஜாஸ்திடி உங்க ஊர் குழம்பு" என்றாள்.

சனிக்கிழமை காலை. இரவு அந்த வீட்டிலேயே படுத்திருந்துவிட்டு முதல் வண்டிக்குக் கிளம்பினேன். முந்தின நாள் இரவே வேலையிலிருந்து வந்துவிட்ட முருகேசன், செய்த காரியத்துக்கு வாங்கிக் கட்டிக்கொண்ட முகத்தோடு, என் பையைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார். கதவைத் திறந்தபோது வாசலில் வறட்டி அடுக்கியிருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கை பதிந்திருந்தது. நாங்கள் விழிக்கும் முன்பே தெருவில் எல்லோரும் வந்து வைத்துப் போயிருக்கிறார்கள். பேச்சியம்மாள் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டை எடுத்துப்போய் அடுப்பில் வைத்து, "பசியம்மா, இந்த வீட்ட விட்டுப் போயிராத தாயி" என்று ஊதினாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் குடையைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

தெருமுனையில் குப்பம்மாள் வறட்டிக் கூடையோடு நின்றாள். "மறுபடி வரலாமா?" என்று கேட்டேன்.

"வா. ஆனா இனிமே நீ விருந்தாளி கெடையாது."

"பின்னே?"

"சோறு துன்னுட்ட இல்ல? வூட்டு ஆளு. வரப்ப வறட்டி எடுத்துகினு வரணும்."

மெட்ராஸில் வறட்டிக்கு எங்கே போவேன் என்றேன். அது உன் பாடு என்றாள்.

திருவல்லிக்கேணியில் என் வீடு ஒரே அறை, ஒரு கேஸ் அடுப்பு. கதவில் சங்கிலியும் ஆள் பார்க்கும் துளையும் உண்டு; இரண்டும் நானே சொல்லிப் போட்டவை. அன்று மாலை உலை வைத்தபோது இன்னொரு பிடி அரிசி சேர்த்துப் போட்டேன். சாப்பிட ஆள் இல்லை. மறுநாள் தண்ணீர் ஊற்றி நானே தின்றேன். மறுநாளும் போட்டேன். பகலில் சங்கிலி மாட்டுவதை விட்டுவிட்டேன். இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும் இன்றுவரை யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. என் அடுப்புக்கு இன்னும் பெயர் இல்லை.